கணினிக்கு வீசிய காற்றாடி

அந்த மேசைக் காற்றாடி எங்கள் அலுவலகத்தில் மனிதர்கள் பக்கம் திரும்பியதே இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. மலேசியாவில் லிங்கி ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த செம்பனை எண்ணெய் ஆலையில் நான் பொறியாளராக வேலை பார்த்த காலம் அது. மேலே தகரக் கூரை, பக்கத்தில் கொதிகலன். என் கணினியோ காலையில் தொடங்கிய கணக்கைச் சாயங்காலம் வரை முடிக்காமல் இரைந்துகொண்டிருக்கும். அது சூடாகி நின்றுவிடப் போகிறதே என்று எங்கள் மேனேஜர் காற்றாடியை அதற்கு நேராகத் திருப்பிவிட்டு, தான் ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொள்வார். ஆலையில் எல்லாருக்கும் அவர் பாய். அவருக்கு நான் தங்கச்சி.

கணக்கு ஒரு தொட்டியைப் பற்றியது. ஆலைக் கழிவுநீரை நுண்ணுயிர்கள் தின்று எரிவாயு ஆக்கும் புதிய தொட்டி. பழக்குலைகள் குவியும் பருவம் நெருங்கியதால், தொட்டிக்குள் விடும் நீரை உடனே கூட்டச் சொல்லித் தலைமையகம் நெருக்கியது. தொட்டி தாங்குமா, புளித்துவிடுமா என்பதுதான் கேள்வி. புளித்தால் நுண்ணுயிர்கள் செத்து, கறுப்புத் தண்ணீர் அப்படியே ஆற்றுக்குப் போகும். அங்கே எஸ்டேட் சனம் இறால் பிடித்துக்கொண்டிருந்தது. பாய்க்கோ தலைமையகத்தில் ஒரு பெரிய பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தொட்டிக்குள் நடப்பதை எழுதினால் வருபவை விறைப்பான வகைக்கெழுச் சமன்பாடுகள். தொட்டியைப் புளிக்க வைக்கக்கூடிய ஹைட்ரஜன் துளியளவுதான், ஆனால் நொடியில் ஏறி இறங்கும். நுண்ணுயிர்கள் பெருக வாரங்கள் ஆகும். நான் முதலில் எடுத்த சாதாரண முறை, அந்த ஹைட்ரஜனுக்குப் பயந்து, மாதக்கணக்கான கதையைக் குட்டிக் குட்டி அடியாக வைத்துக் கடந்தது. அடியை அகட்டினால் எண்கள் தறிகெட்டு ஓடின. பாய், கடலோர ஊரான சி ரூசாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

“ரொட்டிக் கல்லையும் ஆட்டுக்கால் சூப்பையும் ஒரே ஆளு பாக்குற மாரிலா இது. சூப்பு வேக நேரமாகும். ஆனா கல்ல விட்டு அவன் நகர முடியாது.”

இன்றும் யாராவது கேட்டால் நான் அந்தச் சூப்பையே சொல்லி விளக்குகிறேன்.

பிறகு வேறு முறைக்கு மாறினேன். ஒவ்வோர் அடியின் முடிவையும் சமன்பாட்டுக்குள்ளேயே வைத்துத் தீர்ப்பதால், அகலமாக அடிவைத்தாலும் தடுமாறாத முறை அது. ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் கணக்கு முடிந்தது. தொட்டி தாங்கும் என்று திரையில் கோடு வழவழவென்று போயிருந்தது. “இன்னொரு தரம் சரிபாத்துக்கிறேன் பாய்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் போனில் தலைமையகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. பொறுமைக்கும் அவருக்கும் வெகுதூரம்.

சரிபார்த்தபோது என் தவறு தெரிந்தது. எல்லாப் பொருள்களுக்கும், இவ்வளவு தவறினால் பரவாயில்லை என்று ஒரே பிழை வரம்பைக் கொடுத்திருந்தேன். தொட்டியில் இருந்த ஹைட்ரஜனே அந்த வரம்பைவிடக் குறைவு. எனவே கணக்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கென்று மிகச் சிறிய வரம்பைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். கணக்கின் மூன்றாவது வாரத்தில் அமிலம் ஏறி, எரிவாயு படுத்துவிட்டது.

பாயைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். முன்கோபக்காரர், கத்துவார் என்றே காத்திருந்தேன். அவரோ எழுந்து காற்றாடியைத் தன் நாற்காலி பக்கம் திருப்பினார்.

“கம்ப்யூட்டருக்கு வேல முடிஞ்சிருச்சு தங்கச்சி. இனி வேர்க்கப் போறது எனக்குத்தான்.”

அப்புறம் போனை எடுத்தார். “சார், காலைல நான் சொன்னது தப்பு. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூட்டணும். இல்ல சார், கணக்குப் போட்டவங்க அவசரப்படல. நான்தான் அவசரப்பட்டேன்.”

அந்தப் பருவத்தில் மிஞ்சிய குலைகள் வேறு ஆலைக்கு லோரி லோரியாகப் போயின. பதவியும் வேறொருவருக்குப் போனது. பாய் அதைப் பற்றி வருத்தமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. “கொஞ்சூண்டு ஹைட்ரஜன், என் நாற்காலியையே தூக்கிருச்சே” என்று என்னைக் கிண்டல் செய்ததோடு சரி. எனக்குத்தான் சிரிப்பு வராது.

தொட்டி இன்றும் எரிவாயு தருகிறது. பாய் போன நோன்பு மாதத்தில் மௌத்தாகிவிட்டார். அவர் ஓய்வு பெற்றபோது நான் கேட்டு வாங்கிய காற்றாடி, சிரம்பானில் என் குளிரூட்டிய அறையில் நிற்கிறது. இப்போதைய கணினிக்குக் காற்றே வேண்டாம். அறையைத் துடைக்க வரும் அக்கா அதைச் சில நாள் கணினி பக்கம் திருப்பி வைத்துவிடுவார். நான் எழுந்துபோய், எதிரே இருக்கும் காலி நாற்காலி பக்கம் திருப்பிவிட்டு, அதன் பிறகுதான் கணக்கைத் தொடங்குகிறேன்.