மாறாத மாறி

எங்கள் கணினித் துறையின் ஆய்வகப் பயிற்றுநருக்கு மாணவர்கள் வைத்த பெயர் லேப் அக்கா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே முறையில்தான் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவள். எண்ணை மாறி என்கிற ஒரு பெட்டியில் வை, அதோடு ஒன்றைக் கூட்டு, பழையதை அழித்துவிட்டுப் புதியதை அதிலேயே வை. இந்த வருஷம் புதுப் பாடம் ஒன்று வந்து தலையில் குண்டைப் போட்டது. ஒருமுறை வைத்த மதிப்பை மாற்றவே கூடாதாம். வேண்டுமானால் புதிதாக இன்னொன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டுமாம். பயிற்றுநர்களும் மாணவர்களோடு அதே தேர்வை எழுதித் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது என்று துறைத்தலைவர் வேறு சொல்லிவிட்டார்.

மாணவர்களுக்கு முழி பிதுங்கியது. "மாத்தக் கூடாதுன்னா அதுக்கு எதுக்குக்கா மாறின்னு பேரு?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

"கேட்டா பாரு கேள்வி" என்று சிரித்தாள் லேப் அக்கா. "இன்னையிலேருந்து அந்த வார்த்தையே வேணாம். பேருன்னு சொல்லுங்க. பிள்ளைக்குப் பேரு வெச்சா வெச்சதுதான். நாளுக்கொரு பேரா வைப்பீங்க?"

அதோடு வகுப்புக்குப் பிடி கிடைத்துவிட்டது.

தேர்வுத் தாள்களைத் திருத்தியவன் நான். மாணவர்கள் அத்தனை பேரும் தேறியிருந்தார்கள். நம்பவே முடியவில்லை. கடைசித் தாளில் மட்டும் எல்லா விடையும் பழைய முறையில், அழித்து அழித்துப் போட்ட கணக்கு. எந்த மண்டு இது என்ற எரிச்சலோடு பெயரைப் பார்த்தேன். லேப் அக்காவின் தாள்.

பக்கத்து மேசை எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி..." என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் வாயை மூடுங்க சார்" என்று எரிந்து விழுந்தேன். அவளை வரச்சொல்லித் தாளைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"இதை நானா சார் எழுதினேன்? எல்லாம் தெரியுமே சார் எனக்கு. அவசரத்துல கை அதுபாட்டுக்குப் பழையபடி எழுதியிருக்கு. நானும் பாத்துக்கிட்டே இருந்திருக்கேனே."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு என் சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் விடையை அடித்துவிட்டு, மாணவர்களுக்குச் செய்வதுபோலவே ஓரத்தில் சரியான விடையை எழுதினாள். அதில் ஒரு பிழைகூட இல்லை. அதற்குக் கீழேயே, தேறவில்லை என்று நான் எழுதினேன்.