அப்பா இல்லாத படங்கள்

எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் படங்கள் எதிலும் அப்பா கிடையாது. பார்ப்பவர்கள் காரணம் கேட்டால், படம் எடுத்தவரே அவர்தான் என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். அது பாதிப் பொய்.

அப்பா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் போகும்போது தன் பெட்டிக் கேமராவை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த டிசம்பரில் அப்பாவின் கால் தரையில் பாவவில்லை. ஸ்டுடியோவில் விறைத்து நிற்பதெல்லாம் பொம்மைகளுக்குத்தான், மனுஷர்களை அவர்கள் பாட்டுக்கு இருக்கும்போது எடுக்க வேண்டும் என்பார். குவாட்டர்ஸ் பின்கட்டில் அம்மா அச்சு முறுக்கு சுடுவதை எடுத்தார். குழாயடியில் தம்பியைக் குளிப்பாட்டுவதை எடுத்தார். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து, வெள்ளைப் புடவையில் அம்மா வாசல்படி ஏறுவதை எடுத்தார். கேமராவை வேறு யாரையும் தொட விடமாட்டார். அவ்வளவு கர்வம்.

அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெண். கிறிஸ்தவ வேதக்காரரைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்தவள். அன்றோடு தாத்தா அவளைத் தலைமுழுகிவிட்டார். பன்னிரண்டு வருஷமாக அவள் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமலே கிழித்துப் போடுகிறார் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

"எழுத்தைக் கிழிப்பாரு. மக மூஞ்சியக் கிழிப்பாரா? படத்த மட்டும் அனுப்பு. நாம எப்படி இருக்கோம்னு அதுவே சொல்லும்" என்றார் அப்பா.

ஜப்பான்காரர் போட்டோக் கடையில் கழுவி வாங்கிய மூன்று படங்களும், ஒரு வரி கூட எழுதாமல், தபாலில் போயின. அன்றிலிருந்து அம்மா தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலிலேயே நின்றாள். ஒரு பதிலுக்காக அவள் அப்படி உருகியது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்று மாதம் கழித்துப் பார்சல் வந்தது. மேலே தாத்தாவின் கடிதம். அம்மா எங்களை உட்காரவைத்து உரக்கப் படித்தாள்.

"அம்மாடி, உன் கோலத்தைப் பார்த்தேன். நடந்தது நடந்துவிட்டது. எனக்கு இனி உன்மேல் கோபமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு."

அம்மாடி என்ற சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள். அழுதுகொண்டே பார்சலைப் பிரித்தாள். உள்ளே ஒரு புது வெள்ளைப் புடவை. அம்மாவின் முகம் செத்துவிட்டது.

தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீடு போடும் கோடி அது. ஆராதனைக்கு வெள்ளை உடுத்துவதும், பொட்டு வைக்காததும் வேதக்கார வீடுகளில் வழக்கம் என்று தாத்தாவுக்குத் தெரியாது. பொட்டில்லாத நெற்றி, வெள்ளைப் புடவை, மூன்று படத்திலும் புருஷனைக் காணோம். இதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்?

அப்பா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னைக் கொன்னுட்டாருலா உங்கப்பா! குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்னு எழுதிப் போடு."

"எழுதறேன்" என்றாள் அம்மா.

அவள் அதை எழுதவில்லை. தாத்தாவிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பிள்ளைகள் படிப்பு முடியட்டும், பிறகு வருகிறோம் என்று அம்மா பதில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அப்பா தாத்தாவின் கடிதங்களை எடுத்துப் படித்துவிட்டார். வீடு இரண்டுபட்டது.

"நான் உயிரோட இருக்கறது உனக்கு அவ்வளவு தொந்தரவா இருக்கா?"

"பன்னெண்டு வருஷம் கழிச்சு எங்கப்பா என்னை அம்மாடின்னு கூப்பிட்டிருக்காரு. உண்மைய எழுதினா திரும்பக் கிழிச்சுப் போடுவாரு. அதையும் நான் தொலைக்கணுமா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். என் ஆத்திரமெல்லாம் அந்தக் கிழவர் மேல்தான். உயிரோடிருந்த மருமகனை அவரால் பொறுக்க முடியவில்லை. செத்தவனை மன்னிப்பதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. அந்த மன்னிப்பில் ஒரு துளியாவது கிடைக்கட்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு மனுஷன் செத்தவனாக நடமாட வேண்டியிருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸ் வந்தது. பேரப்பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தாத்தா படம் கேட்டிருந்தார். ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா எங்களை வாசலில் வரிசையாக நிறுத்தினாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். பொறுக்கவில்லை.

"அப்பா, நீங்க வந்து நில்லுங்க. நான் அமுக்கறேன்" என்றேன்.

அப்பா கேமராவை என்னிடம் நீட்டினார். யாரையும் தொட விடாத மனுஷன், நீட்டியே விட்டார். அவர் கண் அம்மா மேல் இருந்தது.

அம்மா தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரு வேணாம்" என்றாள்.

அப்பா கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டடி பின்னால் போய்க் குனிந்தார்.

"சிரிங்க" என்றார். நாங்கள் சிரித்தோம்.