வெள்ளைத் தட்டுக்கு ராஜமரியாதை

என் தங்கை சரியான கணக்கையும் மறுபடி போட்டுப் பார்ப்பவள். ஆய்வுக்கூடத்தில், பச்சையாக ஒளிரும்படி மாற்றிய பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏ கத்தரியை அனுப்பி, ஒளிரும் மரபணுவை வெட்டி வெள்ளையாக்குவது அவள் வேலை.

அன்று பாக்டீரியா வளர்த்த தட்டு முழுக்க வெள்ளை. அவள் வேலையை நிரந்தரமாக்கப்போவதாக இயக்குநர், பார்வையிட வந்த விருந்தினர் முன் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளோ ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, கத்தரி அனுப்பாத தட்டை எடுத்துப் பார்த்தாள்.

“சார், இது பச்சையா இருக்கணும். இதுவும் வெள்ளையா இருக்கு. ரெண்டுலயும் வெளிக்கிருமி புகுந்திருக்கு.”

“அத உள்ள வைம்மா. வந்தவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுதே, சார்.”

வேலை நிரந்தரமாகவில்லை. மறுநாள் அவள் முதலிலிருந்து தொடங்கினாள். இயக்குநரோ அந்த வெள்ளைத் தட்டின் படத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருக்கிறார். எங்கிருந்தோ பறந்து வந்து விழுந்த கிருமிக்கு அப்படியொரு ராஜமரியாதை.