கேங்குக்கு ஒரே நிறம்

மெர்லினுக்குத் திமிர் என்பார்கள். திமிர்தான், அதனால் என்ன? மந்தாரக்குப்பத்து சாஃப்ட்வேர் ஆபீசில் அவள் பக்கத்து நாற்காலியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவள் சொல்கிறேன், அங்கே முதுகெலும்பு இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஒருவருக்காக, கேட்டில் வைக்கும் திரை ஒன்றைச் செய்தோம். திரையில் ஆளுக்கொரு பெட்டி. பச்சை என்றால் உள்ளே போகலாம், சிவப்பு என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எல்லாப் பெட்டிக்கும் அச்சு ஒன்று, புரோகிராம் பாஷையில் அதுதான் கிளாஸ். அதில் வார்த்த ஒவ்வொரு பெட்டியும் ஓர் ஆப்ஜெக்ட். தன் நிறத்தைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். எங்கள் லீட் சுதாகர் நிறத்தை அச்சிலேயே, எல்லாருக்கும் பொதுவாக வைத்துத் தொலைத்தான். சூப்பர்வைசர் ஒரே கையெழுத்தில் கூலியாட்களின் கேங்கையே உள்ளே விடுவதைப் பார்த்து வளர்ந்த, சுரங்கத்துப் பெர்மனென்ட் ஊழியர் வீட்டுப் பிள்ளை. கான்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் அவனுக்கு ஒரே தலை.

முதல் நாளே குழந்தைவேல் என்பவர் காய்ச்சலில் வரவில்லை. அவர் பெட்டியைச் சிவப்பாக்கியதும் கேங் முழுக்கச் சிவந்தது. அதே கேங்கில் இருக்கும் கம்மாபுரத்துக் கலியமூர்த்தி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"சொரங்கத்துக்கு நெலத்த குடுத்துட்டு இந்த வேலைக்கு நாயா அலைஞ்சிகினு இருக்கேன். நாளைக்கும் ஷிப்டுக்கு வரலன்னா கான்ட்ராக்டரு பேர அடிச்சிடுவேங்கிறான். எவனோ வரலன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

மெர்லின் எழுந்தாள். "சுதாகர், உங்க டவுன்ஷிப் பிளாக்ல குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே பிளான்தானே? உங்க வீட்ல லைட்ட அணைச்சா பக்கத்து வீடு இருட்டாகுமா? நிறம் அந்தந்தப் பெட்டியில இருக்கணும்."

"கேங்குக்கு ஒண்ணு போதும். உன் வேலையப் பாரு."

"பாக்கிறேன்."

பார்த்தாளே! மறுநாள் காலை கான்ட்ராக்டருக்குத் திரையைக் காட்டச் சுதாகர் கேட்டைத் தாண்டியாக வேண்டும். அவனுக்கும் ஒரு பெட்டி செய்தாள், அதே அச்சில்.

அன்றும் குழந்தைவேல் வரவில்லை. செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தார். "செவப்பா இருக்கீங்க சார்."

"நான் யாருன்னு தெரியுமாய்யா? இதோ வந்து நிக்கிறேனே!"

பின்னால் நின்ற கலியமூர்த்தி சொன்னார்: "கொழந்தவேலு வரலீங்களே."

பிறகு இதைக் கேட்டபோது என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்? சுதாகர் கேட்டிலிருந்தே போனில் மெர்லினிடம் கத்தினான். "இப்பவே மாத்துடி! மாத்திட்டு வேலைய விட்டுப் போயிடு!"

மாத்தினாள். நிறத்தை அச்சிலிருந்து பிடுங்கி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஷிப்ட் சங்கு ஊதுமுன் கலியமூர்த்தி உள்ளே போய்விட்டார். சுதாகருக்கும் பச்சைதான் எரிந்தது. அவனை மட்டும் சிவப்பில் நிறுத்த அவளுக்கு ஒரு நொடி போதும். செய்யவில்லை, பாவி.