மாடு, முட்டை, அரிவாள், சைக்கிள்

சங்கக் கொட்டகைக்குள் இருந்தவர்கள்: சங்கத் தலைவர், கால் உடைந்து பாயில். கெலமங்கலத்து லேத்காரன். பிரஸ் ஷாப்பில் வேலை செய்த பாகலூர்க்காரன். டீக்கடை பாய். நான்.

ஓசூரில் ஸ்டிரைக் நடந்த சமயம். மூன்று ஷிப்டு ஆட்கள், பல ஊர்க்காரர்கள். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. முதலாளி பிடித்த ரௌடிகள் எங்கள் நீல யூனிபாரத்திலேயே வந்தார்கள். அதனால் கதவு திறக்க ஒரு சொல் வைத்தோம். முதலில் வைத்தது மாரியம்மன். அது யார் வாயிலும் வரும். ரௌடிகள் வாயிலும் வந்தது, திறந்தோம். தலைவர் காலைக் கடப்பாரையால் அடித்தார்கள். எலும்பு வெளியே தெரிந்தது. உயிரோடு விடமாட்டோம், திரும்ப வருவோம் என்று சொல்லிப் போனார்கள்.

பாய்தான் டவுன் பஸ் டிக்கெட்டை நீட்டினார். "நீங்க யோசிச்சு வச்சா அவனும் யோசிச்சுப் புடிப்பான்யா. இது யோசிக்காது."

டிக்கெட்டின் கடைசி நாலு எண்தான் இனிமேல் சொல். தினம் புது டிக்கெட். எண் எங்களுக்கு மனதில் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்தோம். சுழி முட்டை, இரண்டு சைக்கிள், நாலு மாடு, ஏழு அரிவாள். இப்படி.

அன்றைக்கு 4072. பாகலூர்க்காரன் கதை கட்டினான்: "மாடு முட்டை போட்டுச்சு. முட்டைய அரிவா வெட்டுச்சு. வெட்டிட்டு சைக்கிள்ல ஓடிப்போச்சு."

"உங்கூரு மாடாடா அது?" என்றான் லேத்காரன். தலைவரும் சிரித்தார். சிரித்ததில் கால் அசைந்து கத்தினார்.

மத்தியானம் பாகலூர்க்காரன் சோறு வாங்கப் போனான். வரவில்லை. கதவு தட்டினார்கள்.

"யாரு?"

"நம்மாளுங்கதாண்ணா."

"சொல்லு."

"மாடு... சைக்கிளு... முட்டை, அரிவா."

நாலும் சரி. வரிசை தப்பு. லேத்காரன் கம்பியை எடுத்தான். பாய் அடுப்பிலிருந்த டீச்சட்டியை இறக்கினார்.

"தொறங்கடா," என்றார் தலைவர். "நம்ம பையன் எங்கன்னு கேக்கணும்."

திறந்தேன். இரண்டு பேர். ஒருத்தன் முகத்தில் கொதிக்கிற டீ. அடுத்தவன் கத்தியை ஓங்கினான். லேத்காரன் அடித்தான். முழங்கை பின்பக்கமாக மடங்கியது. விழுந்தவன் கழுத்தில் காலை வைத்துக் கேட்டேன். செங்கல் சூளை என்றான்.

பாகலூர்க்காரன் சூளைக்குப் பின்னால் கிடந்தான். சைக்கிள் செயினால் அடித்திருந்தார்கள். மண்டைத் தோல் பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"சொல்லிட்டியாடா?" என்றேன்.

ரத்தத்தைத் துப்பினான். "நாலையும் வரிசையாத்தான் சொன்னேன். கதைய மட்டும் சொல்லல. அவனுங்களுக்கு வரிசை நிக்கல போல."

செங்கல் லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான். தலையில் தையல் பதினேழு.