பொறுப்பு ஒப்படைப்பு

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கர்ப்பப்பை ஆபரேஷன். இரண்டு தடவை தேதி வாங்கி, இரண்டு தடவையும் தள்ளிப்போட்டாயிற்று. முதலில் பெரியவளுக்குப் பரீட்சை, அடுத்து சின்னவனுக்குக் காய்ச்சல். இன்னொரு முறை தள்ளினால் உடம்பில் ரத்தமே மிஞ்சாது என்று டாக்டரம்மா திட்டி அனுப்பியிருந்தார். புருஷன் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பொம்பளைங்க சமாச்சாரமாம்.

"ஏங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

அவர் குடிநீர் பம்ப் நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர். இருபது வருஷ சர்வீஸ். "பத்து நாள் லீவு போட்டாச்சு. நீ சார்ஜ் குடு, நான் எடுத்துக்கறேன்" என்று, வேலையிடத்தில் இருப்பதுபோலவே கோடு போட்ட நோட்டை விரித்து உட்கார்ந்தார். பத்து நிமிஷ வேலை என்று நினைப்பு. மகா கெட்டிக்காரர்!

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். சின்னவன் வயிற்றுவலி என்பான். எங்கே என்று கேட்டதும் தொப்புளைக் காட்டினால் கணக்குப் பரீட்சை; எரிந்து விழுந்தால் நிஜ வலி. பெரியவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி இருந்தால், உள்ளே அழுகிறாள். கதவைத் தட்டக் கூடாது. வெளியே துணி மடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"துணி எதுக்கு?"

"சும்மா நின்னா வேவு பாக்கறதா நினைப்பா."

ஆறாம் பக்கத்தில் கையை உதறிக்கொண்டார். கடைசியாக, நிலுவையில் உள்ள பழுது. "ரிப்பேர் ஏதாவது இருக்கா?"

"அடுப்புல ஒரு பக்கம் சரியா எரியல. பின்கதவுத் தாழ்ப்பாள் லூசு. எனக்கு மாசத்துல இருபது நாள் ரத்தம் போகுது. பாத்ரூம் பல்பு..."

பேனா நின்றது. "எத்தனை நாளா?"

"பல்பா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வருஷமா" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா படுத்துக்கோன்னு சொல்வீங்க. நான் படுத்துட்டா யாரு எழுந்துக்கறது?"

பம்பில் பேரிங் லேசாகச் சூடேறினாலே சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற மனுஷர். அதை நோட்டில் எழுதாமல் விட்ட ஆளை ஒருமுறை வேலையைவிட்டே அனுப்பவைத்தவர். இங்கே யாரை அனுப்புவது என்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது, பாவம்.

எழுந்து போய் அவளுடைய ஆஸ்பத்திரிப் பையை வாசலருகே வைத்தார். யாரோ திருடிக்கொண்டு போய்விடுவதுபோல அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்சம் நகருங்க, பெருக்கணும்."

"நாளைக்கு நீ கிளம்பற. அவ்ளோதான்" என்றார். "உனக்கு வேற என்ன பண்ணுது?"

அவள் துடைப்பத்தோடு நின்று சற்று யோசித்தாள்.

"உக்காந்து சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.