நான் கேட்ட மழை

போன தை மாதம் அந்தமான் பக்கம், ஆளில்லாத ஒரு தீவின் அருகே, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சாகக் கிடந்தவன் நான். அம்பகரத்தூர் அம்மனை நம்புகிற எல்லோரும் என் அனுபவத்தைக் கேளுங்கள். இனிப்பாக இருக்காது. ஆனால் நடந்தது இதுதான்.

எனக்கு ஊர் காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடி. கேட்டரிங் படித்துவிட்டு, சுற்றுலாப் பயணிகளைத் தீவு தீவாக அழைத்துப் போகும் ஒரு பாய்மரப் படகில் சமையல்காரனாகச் சேர்ந்தேன். "ஒனக்கென்னப்பா, ஊர் சுத்துறதுக்கே சம்பளம்" என்பார்கள் ஊரில். அமைதியான கடல், வெள்ளை மணல், போட்டோவில் பார்க்க அழகுதான். அடுப்படியில் குனிந்தே நிற்கிறவனுக்கு முதுகுவலிதான் தெரியும்.

அந்தப் பயணத்தில் கேப்டன், நான், தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி. முதலில் காற்று நின்றது. பாய் துவண்டு தொங்கியது. இன்ஜினைப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அதுவும் நின்றுபோனது. பேட்டரி இறங்கி ரேடியோ ஊமையானது. போனில் சிக்னல் கிடையாது. கடைசியில் குடிதண்ணீர்த் தொட்டியில் கடல் தண்ணீர் கலந்துவிட்டது. வாயில் வைத்தால் உப்பு கரித்தது. இளநீர் இருக்காதா என்று கேட்பீர்கள். அந்தத் தீவில் அலையாத்திக் காடும் முதலையும்தான்.

இருந்த பாட்டில் தண்ணீரை மூடியால் அளந்து குடித்தோம். அதுவும் தீர்ந்தது. அந்தப் பெண் அழுதாள். பிறகு அழவும் தெம்பில்லாமல் படுத்துவிட்டாள். கேப்டன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் சமையல் மஞ்சள்தூளைக் கடல் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் துண்டைக் கிழித்து நனைத்து, ஒரு ரூபாயை அதில் முடிந்து பாய்மரத்தில் கட்டினேன். தாயே, ஒரு மழை கொடு. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

மறுநாள் மத்தியானம் கிழக்கே கறுத்தது. தை மாதத்தில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. பாயை இறக்கி விரித்துப் பிடித்தோம். சோற்றுப் பானை, குக்கர், வாளி எல்லாம் நிரம்பின. அந்தப் பெண்ணுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். அம்மா, அம்மா என்று வாய்விட்டு அழுதேன். மழையோடு காற்றும் வந்தது. பாயை ஏற்றிக் கரை சேர்ந்தோம்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மற்றவர்களைப் போல நல்லபடியாகச் சொல்லி முடித்திருப்பேன்.

துறைமுக டீக்கடை டிவியில் செய்தி ஓடியது. எங்கள் மேல் பெய்த அதே மழை, காற்றழுத்தத் தாழ்வாகக் காரைக்கால் பக்கம் நகர்கிறதாம். ஊரில் எங்கள் சம்பா நெல் அறுவடைக்கு நின்றது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அறுத்துட்டீங்களா?"

"எங்கப்பா. மிஷின் இன்னும் வடக்கு வயல்லயே நிக்குது. நம்ம முறை வரணும். அதுவரைக்கும் மழை வந்துடக் கூடாதுன்னு அம்மனுக்குக் காசு முடிஞ்சு வச்சிருக்கேன். நீ நல்லாருக்கியா?"

நல்லாருக்கேன் என்றேன். வேறென்ன சொல்வது.

நான் ஊருக்கு வந்தபோது சம்பா சாய்ந்து, தண்ணீரில் கிடந்தபடியே கதிர் முளைத்திருந்தது. அப்பா வரப்பில் நின்றார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். "உசுரோட வந்துட்டல்ல. போ, போயி சாப்புடு" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சண்டை போடத்தான் கோயிலுக்குப் போனேன். அவ்வளவு பெரிய கடல் கிடந்ததே, அங்கேயே பெய்து தீர்த்திருக்கக் கூடாதா என்று சந்நிதியில் நின்று மனசுக்குள் கேட்டேன். அம்மாவும் கூட வந்திருந்தாள். வேண்டியது நடக்காவிட்டால், முடிந்த காசை அவிழ்த்துவிடலாம், செலுத்த வேண்டியதில்லை. அம்மா அவிழ்க்கவில்லை. படகிலிருந்து நான் கொண்டுவந்த முடிச்சோடு சேர்த்து அதையும் உண்டியலில் போட்டாள்.

"நீ கேட்டது நடக்கலையேம்மா."

"ரெண்டுல ஒண்ணுதான் ஆவும், எது வேணும்னு என்னைக் கேட்டிருந்தா நான் எதைச் சொல்லியிருப்பேன்?"

படகு வேலையை விட்டுவிட்டேன். இப்போது அப்பாவோடு வயலில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனைப் பார்க்கிறேன். நன்றி சொல்கிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன். அவள் பொறுத்துக்கொள்கிறாள்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்ட என் குரல் அவளுக்குக் கேட்டது. உங்கள் குரலும் கேட்கும். அப்பா மட்டும் அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவர் ஒருநாள் என்னோடு வர வேண்டும். அதை அம்மனிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்காக நீங்கள் கேளுங்கள்.